அரையணா வக்கீலும் தண்ணீர் வராத குழாயும்

இந்தப் பரந்த தேசத்தில், திருடன் அடித்த தொகையைவிடக் குறைந்த செலவில் திருடனைப் பிடித்த ஒரே சர்க்கார் ஆசாமி எங்கள் அரையணா வக்கீல்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய நான் தயார். நீங்கள் பத்திரிகை படிக்கிறவர்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. பெரிய மனிதர் ஒருவர் பொதுப் பணத்தில் கை வைத்துவிட்டார் என்று செய்தி வரும். உடனே ஸ்பெஷல் விசாரணை, ஸ்பெஷல் வக்கீல் என்பார்கள். அந்த வக்கீலுக்கு பங்களா, கார், டவாலி போட்ட சேவகன், மேஜைக்குப் பச்சைத் துணி எல்லாம் வந்து சேரும். கடைசியில் தலையணை கனத்துக்கு ஓர் அறிக்கை வரும். அதற்குள் கை வைத்தவர் காலமாகியிருப்பார், அல்லது இன்னும் பெரிய பதவிக்குப் போயிருப்பார். அரையணா வக்கீல் அந்த ரகம் இல்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சர்க்கார் உத்தரவில் அதைப் போட்டிருந்தார்கள். ராயபுரத்தில் யாரும் அந்த உத்தரவைப் படிக்கவில்லை. டிராமில் அரையணா டிக்கெட் எதுவரை செல்லுமோ அதுவரை வந்து, இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே கடக்கிற வக்கீலை அவர்கள் பார்த்தார்கள். பெயர் வைத்துவிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. குட்டையாக, தடித்த கண்ணாடியோடு, எப்போதும் எதையோ மனக்கணக்குப் போடுகிற முகத்தோடு இருப்பார். அவர் கறுப்புக் கோட்டு கறுப்பாக இருந்த காலத்தை நான் பார்த்ததில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. நான் சுருக்கெழுத்தும் டைப்பும் பாஸ் செய்துவிட்டு, வண்ணாரப்பேட்டையில் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, வீட்டாரின் பார்வையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்த சமயம். சர்க்காரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உப்பளத் தெருக் குழாய் ஊழலை விசாரிக்கும் ஸ்பெஷல் வக்கீலுக்கு நான்தான் ஸ்டெனோ. எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் கார் சவாரியையும் மின்விசிறிக் காற்றையும் நினைத்துக்கொண்டு புதுச் சட்டை தைத்துக்கொண்டேன்.

முதலில் ஊழலைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரம் தாண்டி, கடலை ஒட்டி இருந்தது உப்பளத் தெரு. மீன்பிடிக்கிறவர்கள், துறைமுகக் கூலிகள், ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள் நிறைந்த தெரு. குழாய்த் தண்ணீர் கிடையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய், கூட்ஸ் வண்டி கேட்டை மறித்துக்கொண்டு நின்றால் அது நகரும்வரை இடுப்பு நோக நின்று, திரும்பி வரவேண்டும். நகரசபை இரக்கப்பட்டு, அந்தத் தெருவுக்குப் பைப் போடப் பணம் ஒதுக்கியது. அந்த வட்டாரத்துக் கவுன்சிலர் தம் மச்சானுக்கே காண்டிராக்டைக் கொடுத்தார். தெருமுனையில் ஒரு குழாய் நட்டார்கள். மாலை போட்டு, நாதஸ்வரம் வைத்து, லட்டு கொடுத்துத் திறப்பு விழா நடந்தது. கவுன்சிலர் குழாயைத் திருகினார். உஸ் என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. "நாளையிலிருந்து தண்ணி வரும்" என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் போனார். குழாய்க்கு அடியில் பைப்பே கிடையாது. வெறும் மணலில் நட்ட குழாய் அது. தெருக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதில் ஆட்டைக் கட்டினார்கள். வலை உலர்த்தவும் அது தோதாக இருந்தது.

இந்தக் குழாயை நட்டவர் நகரசபை பிட்டர் ஆரோக்கியம். மேலே இருந்து உத்தரவு, நட்டுவிட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. "அடியில் பைப் இல்லை, என்னை வைத்துப் பொம்மைக் குழாய் நட்டார்கள்" என்று பெரிய அதிகாரிகளுக்கு ஒரு மனு போட்டார். கவுன்சிலர் சும்மா இருப்பாரா? பொய்ப் புகார் கொடுத்தான் என்று ஆரோக்கியத்தை சஸ்பெண்டு செய்யவைத்தார். சட்டசபைவரை கூச்சல் போய், விசாரணை வந்தது. ஆக, கேஸ் இவ்வளவுதான். குழாய்க்கு அடியில் பைப் இல்லை என்று நிரூபணமானால் ஆரோக்கியத்துக்கு வேலை திரும்பக் கிடைக்கும். நிரூபணமாகாவிட்டால் பொய்யன் என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஒரு கடப்பாரையை எடுத்து நாலு குத்துக் குத்திப் பார்த்தால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் நகரசபைத் தெருவைத் தோண்ட நகரசபைக் கமிட்டியின் அனுமதி வேண்டும். அந்தக் கமிட்டிக்குத் தலைவர் அதே கவுன்சிலர். அனுமதி கேட்டு எழுதினோம். தோண்டுவதற்கு ஆகும் செலவென்று ஒரு தொகையைக் குறிப்பிட்டு, அதை முன்பணமாகக் கட்டினால் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அந்தத் தொகைக்கு உப்பளத் தெருவிலிருந்து எண்ணூர்வரை கால்வாயே வெட்டலாம்.

"கட்ட மாட்டேன்வே" என்றார் அரையணா வக்கீல். "களவாண்டவனைப் பிடிக்கக் களவைவிடக் கூடச் செலவழிச்சா, அதுவும் களவுதான். சர்க்கார் பணம்னா அது உப்பளத் தெருக்காரன் பணம்லா?"

இந்தக் கொள்கைதான் எங்களைப் பிடித்து ஆட்டியது. பங்களா வேண்டாம் என்றார். ராயபுரத்தில் ஒரு வெங்காய மண்டியின் மாடி வாடகைக்குச் சல்லிசாகக் கிடைத்தது. அங்கேதான் விசாரணை. கீழே மூட்டை மூட்டையாக வெங்காயம். மேலே வந்த சாட்சிகள் எல்லாரும் வாயைத் திறக்கும் முன்பே கண்ணீர் விட்டார்கள். ஒரு பத்திரிகை நிருபர் முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, சாட்சிகள் மனம் உடைந்து கதறியதாகவும் ஸ்பெஷல் வக்கீலே கண்களைத் துடைத்துக்கொண்டதாகவும் எழுதிவிட்டார். மறுநாளிலிருந்து அழுகையைப் பார்க்கவென்றே கூட்டம் வந்தது.

டவாலி சேவகனும் வேண்டாம் என்றார். சாட்சியைக் கூப்பிட அவரே மாடிப்படியில் நின்று கூவுவார். ஒரு நாள் மாணிக்கம் என்ற சாட்சியைக் கூப்பிட்டார். கீழே மூட்டை தூக்கும் மாணிக்கம் மேலே வந்துவிட்டான். சத்தியப் பிரமாணம் எடுத்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னான். குழாயைப் பார்த்தாயா என்றால் பார்த்தேன் என்றான். தண்ணீர் வந்ததா என்றால் வரவில்லை என்றான். கவுன்சிலர் தரப்பில் சூட்டும் டையுமாக ஒரு பாரிஸ்டர் வந்திருந்தார். அவர் எழுந்து, "எந்தத் தெருக் குழாய்?" என்று கேட்டபோதுதான் மாணிக்கம் கீழே மண்டிக் குழாயைச் சொல்கிறான் என்று தெரிந்தது. நான் எழுதியதையெல்லாம் அடிக்கவேண்டி வந்தது. காகிதம் வீணானதற்காக அன்று முழுவதும் வக்கீல் என்னோடு சரியாகப் பேசவில்லை.

காகிதம் என்றால் அவருக்கு உயிர். வந்த கடித உறைகளைப் பிரித்து, உட்புறத்தைத் திருப்பி ஒட்டி, மறுபடி அனுப்புவார். பென்சில் தேய்ந்தால் துண்டு மூங்கிலில் செருகிக் கொடுப்பார். அந்தக் குச்சியைப் பிடித்து எழுதி எழுதி எனக்கு விரல் மரத்துப்போனது. "சார், சுருக்கெழுத்துக்கு நல்ல பென்சில் வேணும்" என்றேன் ஒரு தடவை. "சுருக்கி எழுதத்தானேவே உமக்குச் சம்பளம்? பென்சிலையும் சுருக்கிக்கிடும்" என்றார். புதுச் சட்டைக்கு வெங்காய வாடை ஏறி, எங்கள் வீட்டில் என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள்.

இவ்வளவு செய்தும் கெட்ட பெயர்தான் கிடைத்தது. கவுன்சிலரின் சகா ஒருவர் சட்டசபையில் எழுந்து, ஓட்டைக் குழாய் ஒன்றுக்கு ஸ்பெஷல் விசாரணையா, ஏழைகள் வரிப்பணம் இப்படித்தான் போகவேண்டுமா என்று உருக்கமாகக் கேட்டார். கைதட்டல் வந்தது. சர்க்கார் பயந்துவிட்டது. இந்த மாத முடிவுக்குள் முடிக்காவிட்டால் விசாரணையை மூடிவிடவேண்டும் என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டு உறையைத் திருப்பி ஒட்ட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் வந்தார். பனைமரம்போல உயரமான மனிதர். மாடியின் தாழ்ந்த உத்தரத்துக்குக் குனிந்து நின்றார்.

"இன்னா சார், மூடிடப் போறாங்களாமே? மார்க்கெட்ல சொல்லிகினு கீறாங்க."

"இன்னும் மூடலை" என்றார் வக்கீல்.

"மூடிட்டா நான் பொய்க்காரன்தானே? என் பொண்டாட்டி இடியாப்பம் புயிஞ்சு வித்து வூட்டை ஓட்டிகினு கீது. அது பரவால்ல சார். ஆனா பைப்பு இல்லேன்னு நான் சொன்னது மெய்யி. மெய்ய சொல்லிட்டுப் பொய்க்காரன்னு பேரு வாங்கினு பூட்டா, அப்பால நான் எந்தக் குயாயத் தொட முடியும்?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம், "எழுதும்வே. உப்பளத் தெருக் குழாயை ஸ்பெஷல் வக்கீல் நேரில் பார்வையிடுவார். நாளை மறுநாள், மத்தியானம் மூணு மணி. கவுன்சிலருக்கு நோட்டீஸ் அனுப்பும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், திருடனுக்கு நாளும் நேரமும் சொல்லிவிட்டா போவாங்க?"

"சொல்லாமப் போனா, எனக்குத் தகவலே இல்லைம்பான். பாரிஸ்டர் ஒரு மாசம் வாய்தா கேப்பான். சொல்லிட்டே போவோம். தண்ணி வராது. வரலைன்னு எழுதிக்கிடுவோம்."

ஆனால் தண்ணீர் வந்தது. அதுதான் வேடிக்கை.

நாங்கள் போனபோது தெருவுக்கே திருவிழாக் களை. குழாய்க்குப் புதுப் பச்சை வர்ணம் அடித்து, ஆட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்து, நல்ல சேலை கட்டி, ஆளுக்கொரு குடத்தோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நின்றார்கள். கவுன்சிலர் சில்க் ஜிப்பாவில் சிரித்தார். பக்கத்திலே மச்சான். குழாயைத் திருகியதும் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. ஆரோக்கியத்தின் முகம் செத்துப்போனது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வக்கீல் மட்டும், நாற்காலி வாடகையை மிச்சப்படுத்த வீட்டிலிருந்து தூக்கிவந்த மடக்கு முக்காலியைப் போட்டு, சாவதானமாக உட்கார்ந்தார்.

"தினசரி வருதா?" என்று கேட்டார்.

வரிசையில் முதலில் நின்றவள் கன்னியம்மா. மீன் விற்கிறவள். நல்ல குரல் வளம். "தெனிக்கும் வருதுய்யா. மூணு மணியானா டாண்ணு வந்துரும்" என்றாள் மனப்பாடமாக. சொல்லிக்கொண்டே குடத்தை நிரப்பினாள். அத்தோடு நகர்ந்திருக்கவேண்டும். கவுன்சிலரின் ஏற்பாடு ஆளுக்கு ஒரு குடம்தான். ஆனால் கன்னியம்மா தண்ணீரைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், அந்த அண்டாவ எடுத்தாடி" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

அவ்வளவுதான், வரிசை உடைந்தது. அண்டா வந்தது, தவலை வந்தது, படகில் மீன் அள்ளும் கூடைக்குள் தார்ப்பாய் விரித்துக்கூட ஒருவர் வந்தார். பக்கத்துத் தெருவும் திரண்டு வந்தது. குடத்துக்குக் குடம் இடித்து, நீ முந்தி நான் முந்தி என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டை தொடங்கியது.

"சார், பாத்துட்டீங்க இல்ல? தண்ணி கீது. போதுமே, மூடிடலாம்" என்றார் கவுன்சிலர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"ஏன்வே மூடணும்? குடிக்கத் தண்ணி பிடிக்கிற பொம்பளைங்களை நிறுத்தச் சொல்லுதீரா? பிடிக்கட்டும். தினசரி வாரது தானே" என்றார் வக்கீல்.

சற்று நேரத்தில் குழாய் இருமியது. தாரை நூலானது. நூல் சொட்டானது. பிறகு ஒரு வாளித் தண்ணீர் குபுக்கென்று வந்து நின்றது. மறுபடி ஒரு வாளி. பக்கத்து மரக்கடைச் சுவருக்கு மேலே ஓர் ஆள் தலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கடைசியில் அந்த ஆள் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "அண்ணாத்தே, தொட்டி தீந்து பூட்ச்சு. இன்னொரு வண்டி தண்ணி இட்டாரட்டுமா?" என்று கவுன்சிலரைக் கேட்டான்.

நான் அதைச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன். மூங்கில் குச்சிப் பென்சிலால் எழுதியும் ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஆள் கையும் களவுமாக மாட்டினான் என்று நான் குதிக்காத குறை. ஆனால் பாரிஸ்டர் என்றால் சும்மாவா? மரக்கடைத் தொட்டி மரம் நனைக்க வைத்தது என்றார். அந்த ஆள் கேட்டது மரக்கடைத் தண்ணீரைப் பற்றி என்றார். குழாயில் தண்ணீர் நின்றது பட்டணம் முழுக்க இருக்கிற பம்பிங் கோளாறு என்றார். நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் சொன்னதால் எல்லாம் நிஜம்போலவே இருந்தது.

வக்கீல் பாரிஸ்டருக்குப் பதில் சொல்லாமல் கன்னியம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, தினசரி வருதுன்னியே?"

கன்னியம்மா நிரம்பிய அண்டாவின் மேல் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "நீ வந்தே, தண்ணி வந்துச்சு. நீ தெனிக்கும் வந்தா தெனிக்கும் வரும். வந்துட்டுப் போயேன்யா" என்றாள்.

கூட்டம் சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை. முக்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாரிஸ்டரிடம் மிக மரியாதையாக, "பம்பிங் கோளாறுன்னு சொல்லுதீங்க. ஒத்துக்கிடுதேன். நாளைக்கும் வந்து பாக்கேன். நாளன்னைக்கும் வாரேன். மாசம் முடியுறவரைக்கும் தினசரி மூணு மணிக்குப் பார்வை" என்றார்.

வாசகர்களே, ஒரு சர்க்கார் விசாரணையின் செலவை எதிர்த்தரப்பார் தலையில் கட்டிய சாதனை உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு அரையணா டிராம் டிக்கெட் மட்டும்தான் செலவு. கவுன்சிலருக்கோ தினமும் மாட்டு வண்டிகளில் தண்ணீர். ஒரு நாள் வண்டி வராவிட்டால் குழாய் பொய் என்றாகிவிடும். முதலில் ஒரு வண்டி போதுமாக இருந்தது. உப்பளத் தெருவில் மூன்று மணித் தண்ணீர் என்ற செய்தி பரவி, தண்டையார்பேட்டையிலிருந்தெல்லாம் ஜனங்கள் குடத்தோடு வர ஆரம்பித்ததும் வண்டிகள் பெருகின. மாதவரத்தில் பால் ஏற்றுகிற வண்டிக்காரன்கூடப் பால் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வந்துவிட்டான். ஒரு நாள் வண்டிகள் வரத் தாமதமாயின. கன்னியம்மா தலைமையில் பெண்கள் காலிக் குடங்களோடு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய்க் குந்திவிட்டார்கள். அவர் வீட்டுக் கிணற்றிலேயே இறைத்துக் கொடுக்கவேண்டி வந்தது.

ஆனால் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வர வர ஆரோக்கியத்தின் முகம் வாடியது. குழாயில் தினமும் தண்ணீர் வருவதை ஊரே பார்க்கிறது. பைப் இல்லை என்று சொன்னவர் என்ன ஆவார்? எனக்கும் அந்தக் கவலை. வக்கீலைக் கேட்டால், "பொறும்வே, வண்டிக்காரன் கூலி ஏறட்டும்" என்பார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் சொன்னது நடந்தது. கூலி ஏறியது. மச்சான் காண்டிராக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். பேசாமல் நிஜப் பைப்பையே போட்டுவிட்டால் வண்டிச் செலவும் நிற்கும், கேஸும் தீரும். யாரும் பார்க்காமல் போட்டுவிடவேண்டும். ஆனால் அதைப் போட ஆள் கிடைக்கவில்லை. ராயபுரம் பிட்டர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் சஸ்பெண்டில் இருந்தால் அவன் லைனில் இன்னொருவன் ஸ்பேனர் வைக்கமாட்டான். ரெட்டைக் கூலி என்றாலும் வைக்கமாட்டான். காண்டிராக்டர் பேசின் பிரிட்ஜ்வரை ஆள் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் யாரிடம் வந்தார் தெரியுமா? ஆரோக்கியத்திடமே வந்தார்.

ஆரோக்கியம் நேரே வெங்காய மாடிக்கு ஓடிவந்தார். "சார், பைப்பு போடச் சொல்றான். கூலி கை நெறைய. போட்டா அந்தத் தெருவுக்கு நெசமாவே தண்ணி. பொம்பளைங்க ரெயில்வே கேட்டுக்குப் போவ வாணாம். ஆனா போட்டுட்டா, அடியில பைப்பு கீதே, நீ பொய்க்காரன்தானேன்னுவான். நான் இன்னா செய்யட்டும்?"

வக்கீல் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்குத் தெரியலைவே ஆரோக்கியம். வேண்டாம்னு நான் சொன்னா, உமக்காகத் தெருவைத் தண்ணியில்லாம வச்சவன் ஆவேன். போடும்னு சொன்னா, உம்ம வேலையைப் பறிச்சவன் ஆவேன். நீரே சொல்லும்."

"போடறேன் சார். தண்ணி தண்ணிதான்" என்றார் ஆரோக்கியம். படியிறங்கும்போது திரும்பி, "ஆனா ராவுல போட மாட்டேன். எனக்கு வெளிச்சம் வேணும்னு சொல்லிடறேன். காலங்காத்தால தோண்டறதா வச்சுக்கறேன். நீ மூணு மணிக்குத்தானே வருவே, அதுக்குள்ள முடிச்சுடலாம்னு அவன் ஒத்துக்குவான்" என்றார்.

காண்டிராக்டர் ஒத்துக்கொண்டார். தோண்டுவதற்குக் கமிட்டி அனுமதி வேண்டுமே? எங்களுக்குக் கிடைக்காத அனுமதி அரை நாளில் கிடைத்தது. பழைய பைப்பைப் பழுது பார்ப்பதற்காகத் தெருவைத் தோண்டலாம் என்று கவுன்சிலர் தம் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விடியற்காலை எங்கள் வீட்டு வாசலில் மணிச் சத்தம். பார்த்தால் ரிக்‌ஷா. அதற்குள் அரையணா வக்கீல். நான் என் கண்ணையே நம்பவில்லை. இந்த மனிதர், இன்னொருவர் முதுகு வேர்க்க இழுக்கும் வண்டியில் ஏறுவதில்லை என்றும், ஏறினால் கூலி கொடுக்கவேண்டியிருக்கும் என்றும் இரண்டு கொள்கைகள் வைத்திருந்தவர். "டிராம் கிளம்ப நேரமாகும்வே, ஏறும். இது என் சொந்தச் செலவு, எழுதிராதேயும்" என்றார். வழியெல்லாம் ரிக்‌ஷாக்காரரைப் பார்த்துப் பார்த்து, மேட்டில் இறங்கி நடந்து, பள்ளத்தில் ஏறி வந்தார்.

நாங்கள் போனபோது ஆரோக்கியம் குழாய்க்கு அடியில் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் தெரு முழுவதும் திரண்டிருந்தது. புதுப் பைப்புகள் ஓரமாகக் கிடந்தன. காண்டிராக்டர், "போடுப்பா, போடு, டைம் ஆவுது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வக்கீல் முக்காலியைப் பள்ளத்தின் விளிம்பில் போட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளை மணல். கிளிஞ்சல்கள். கடல் போட்டது போட்டபடி படிந்திருந்த மண். மரக்கடைச் சுவருக்குக் கீழிருந்து, அந்தத் தொட்டியிலிருந்து வந்த ஒரு சாண் குழாய் மட்டும் திருட்டுப் பூனைபோல எட்டிப் பார்த்தது.

"பழைய பைப்பைப் பழுது பாக்கத் தோண்டுதோம்னு அனுமதியில எழுதியிருக்கு. பழைய பைப்பு எங்கேவே?" என்று காண்டிராக்டரைக் கேட்டார்.

அப்போது கவுன்சிலரும் வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் காண்டிராக்டருக்கு அத்தனை நாள் அடக்கி வைத்தது பொங்கிவிட்டது.

"எல்லாம் உன்னாலதான் மாமா. அப்பவே பைப்பு போட்டிருந்தா இதுல பாதி செலவுதான் ஆயிருக்கும். வண்டி வண்டியாத் தண்ணி ஊத்தி என் பொயப்பே பூட்ச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வெங்காயம் இல்லாமலே அழுதார்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். எழுதினீரா என்று கேட்கவில்லை. எழுதியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். பள்ளத்துக்குள் இருந்த ஆரோக்கியத்தைப் பார்த்து, "மேல ஏறி வாரும்வே. நீரு சொன்னது மெய்" என்றார். அந்தப் பெரிய மனிதர் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கன்னியம்மாதான் கை கொடுத்து ஏற்றிவிட்டாள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அறிக்கை நாலே பக்கம். அதையும் இரண்டு புறமும் டைப் அடிக்கவைத்தார். காண்டிராக்டருக்குச் சிறைவாசம் கிடைத்தது. கவுன்சிலர் கோர்ட்டில் அபராதம் கட்டி, பதவியையும் விட்டுவிட்டு, கொஞ்ச காலம் ஊர்ப்பக்கம் போனார். இன்னும் பெரிய தண்டனை கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. சட்டசபையில் அதே சகா எழுந்து செலவுக் கணக்கைக் கேட்டார். மந்திரி வாசித்தார். பூஜ்யம் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யாரோ கேட்டார்களாம். வக்கீல் மிச்சப் பணத்தைக் கஜானாவுக்குத் திருப்பி அனுப்பினார். விசாரணைப் பணம் திரும்பி வந்ததே கிடையாதாகையால் அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியாமல் அவர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். அந்தத் தபால் செலவை நினைத்து அவர் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆரோக்கியம் வேலைக்குத் திரும்பினார். முதல் வேலையாக அதே பள்ளத்தில், சர்க்கார் கைப்பற்றிய அதே புதுப் பைப்புகளை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பைப்பிலிருந்து உப்பளத் தெருவரைக்கும் அவர் கையாலேயே போட்டார். சக பிட்டர்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டு வந்து உதவினார்கள். தண்ணீர் விடுகிற அன்று விழாவும் இல்லை, மாலையும் இல்லை. பொழுது விடியும் நேரம். ஆரோக்கியம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே குழாயைத் திருகினார். முதலில் காற்று, பிறகு சிவப்பாகக் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர். யாரும் கைதட்டவில்லை. எல்லார் கையிலும் குடம் இருந்தது.

வக்கீலும் வந்திருந்தார். அவர் கையிலும் ஒரு கூஜா. முன்னால் போய்ப் பிடிக்கப் பார்த்தார். கன்னியம்மா குடத்தால் மறித்தாள். "நீ வக்கீலா இருந்தா இன்னா, கெவுனரா இருந்தா இன்னா? வரிசைல வாய்யா" என்றாள். அரையணா வக்கீல் சந்தோஷமாகக் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கூஜாவை நிரப்பி, அதிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய விசாரணைகளைப் பார்த்துவிட்டேன், எத்தனையோ பெரிய வக்கீல்களுக்கு ஸ்டெனோவாக உட்கார்ந்துவிட்டேன். அவர்களில் யாரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றதில்லை. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது, சிரித்து முடித்த பிறகு அவரை ஒரு தடவை பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.